திருவிழாவுக்குக் கடன் வேண்டாம், ஆனால் கட்டாயம் போங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "கோடை விடுமுறையும் குடும்பச் செலவும்". வங்கிக் கடன், சுழல்நிதி, தவணை எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். அதனால் நான் திருவிழாவைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. பத்து வருஷம் ஊக்குநராக இருந்து தீர்மானப் புத்தகம் எழுதியவள் நான். சித்திரை, வைகாசி வந்தால் உள்கடன் கேட்டு எத்தனை கை நீளும் என்று எனக்குத் தெரியும். "எதுக்கு கடன்?" என்று கேட்டால் "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை" என்பார்கள். மூணு நாள் கழித்து அந்தப் பிள்ளை புதுச் சட்டை போட்டுக்கொண்டு ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நான் யாரையும் குறை சொல்லவில்லை. அந்தக் கை என் கையாகவும் இருந்திருக்கிறது.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் தறிக்காரக் குடும்பம். வீட்டுக்காரர் தறியில் உட்காருவார், நான் தார் சுற்றுவேன், கோர்வைக்கும் கை கொடுப்பேன். சேலை முடிந்தால்தான் கூலி. தறி நின்றால் அடுப்பும் நிற்கும். வைகாசியில் வரதருக்கு பத்து நாள் பிரம்மோற்சவம். மூணாம் நாள் கருட சேவை. அன்றைக்கு வந்தவாசி, செய்யாறு பக்கமிருந்து சொந்தக்காரர்கள் எல்லாம் நம்ம ஊருக்கு வருவார்கள். வந்தவர்களுக்கு இலை போடாமல் அனுப்பினால் கவுரவம் என்ன ஆகும்?

அந்த வருஷம் கையில் ஒன்றுமில்லை. தெருவில் வட்டிக்குக் கொடுக்கிற ஒருவரிடம் 3,000 ரூபாய் வாங்கினேன். பத்து வட்டி. பிள்ளைகளுக்குத் துணி 1,400. விருந்துக்கு 900. ராட்டினம், பொம்மை, ஐஸ்கிரீம் 500. ஆட்டோ 200. மூவாயிரம் ஒரே நாளில் போயிற்று. மகன் ஆசையாக வாங்கிய பொம்மைத் துப்பாக்கி மூணாம் நாளே உடைந்தது. வட்டி பதினாலு மாசம் உடையவில்லை. மாசம் 300 ரூபாய் என்று 4,200 ரூபாய் வட்டி மட்டும் கட்டினேன். அசல் 3,000 அப்படியே நின்றது. கடைசியில் நம்ம குழுவில்தான் உள்கடன் எடுத்து அதை அடைத்தேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாசம் 300 ரூபாய் அசல், பத்துத் தவணை. அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்தது. மொத்த வட்டி எவ்வளவு தெரியுமா? 165 ரூபாய். அங்கே 4,200, இங்கே 165. இந்தக் கணக்கை வீட்டுக்குப் போய் நீங்களே போட்டுப் பாருங்க.

ஆனால் நான் சொல்ல வந்த கதை இதுவல்ல. அடுத்த வருஷம் நடந்ததுதான் கதை.

அடுத்த வருஷம் கருட சேவை வந்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. காசும் இல்லை, கடன் வாங்க தைரியமும் இல்லை. "போனால் பிள்ளைகள் அது வேணும் இது வேணும்னு கேட்கும், சொந்தக்காரர்கள் பார்த்தால் வீட்டுக்கு வருவார்கள்" என்று முந்தின நாள் இரவே முடிவு செய்துவிட்டேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். காலையில் மேளச் சத்தம் கேட்கிறது. ஊரே ஓடுகிறது. என் மகளுக்கு அப்போது ஆறு வயசு. மாடிப்படியில் ஏறி நின்று எட்டிப் பார்த்தாள். தூரத்தில் குடையின் உச்சி மட்டும் தெரிந்தது. இறங்கி வந்து என்னிடம் கேட்டாள்: "அம்மா, சாமி பார்க்கவும் காசு கேட்பாங்களா?"

எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கு இந்த மேடையில் அந்தப் பதிலைத்தான் சொல்கிறேன். கேட்க மாட்டாங்க கண்ணு. வீதியில் வரும் சாமிக்கு டிக்கெட் கிடையாது. மேளத்துக்கும் வாணவேடிக்கைக்கும் கூத்துக்கும் கிடையாது. காசு கேட்டதெல்லாம் திருவிழா இல்லை. நம்ம கவுரவமும், நாம் யோசிக்காமல் கிளம்பியதும்தான் காசு கேட்டன.

ஊரெல்லாம் சேர்ந்து கொண்டாடுகிற விழாவில், காசு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வீடு கதவைச் சாத்திக்கொண்டால், அந்த வீட்டுப் பிள்ளை "இந்த ஊர் எனக்கில்லை போல" என்று நினைத்துக்கொள்ளும். இன்னொன்றையும் மறக்காதீங்க. இந்தக் கோயில் வாசல்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்திருந்ததில்லை. பல பேர் போராடி, 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்ட பிறகுதான் எல்லா சாதிக்காரரும் உள்ளே போகலாம் என்று ஆனது. அப்படிக் கிடைத்த உரிமையை ஒரு ஜோடி புதுத்துணி இல்லை என்று நாமே விட்டுக்கொடுக்கலாமா?

சரி, என்னென்ன இலவசமாக இருக்கிறது? நம்ம ஊர்க்காரர்களுக்கே முழுசாகத் தெரியாது.

பங்குனியில் ஏகாம்பரநாதர் கோயில் உற்சவம். பங்குனி உத்திரத்துக்கு ஏலவார்குழலி அம்மனுக்குத் திருக்கல்யாணம். பெரிய செலவில்லாமல் அங்கேயே கல்யாணம் முடித்துக்கொள்கிற ஜோடிகளும் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் வரும் விழா, கைக்குழந்தைக்காரிகளுக்குச் சவுகரியம்.

சித்திரா பௌர்ணமிக்கு நடவாவி உற்சவம். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஐயங்கார்குளத்தில் சஞ்சீவிராயர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு படிக்கிணறு இருக்கிறது. மற்ற நாளில் போனால் தண்ணீர்தான் தெரியும். உற்சவத்துக்காகத் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். படியில் இறங்கினால் பூமிக்குள் தூண் வைத்த கல் மண்டபம். வரதர் அங்கே எழுந்தருளுவார். திரும்பும்போது பாலாற்றில் இறங்குவார். கிணற்றுக்குள் ஒரு மண்டபத்தை வேறு எந்த ஊர்ப் பிள்ளை பார்த்திருக்கும்? நம்ம பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? கை தூக்குங்க பார்ப்போம். பாருங்க, பாதிப் பேர் கூட இல்லை.

வைகாசியில் வரதர் பிரம்மோற்சவம். கருட சேவை மூணாம் நாள், தேர் ஏழாம் நாள். அதே மாசம் குமரகோட்டத்தில் வைகாசி விசாகம். ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அப்புறம், திருவிழா இல்லாத நாளிலும் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. ராஜசிம்ம பல்லவன் கட்டி 1,300 வருஷம் ஆகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிறார்கள். நாம் டவுன் பஸ்ஸில் போய்ப் பார்க்காமல் இருக்கிறோம்.

சாமி கும்பிடாத தங்கச்சிகளும், வேறு சாமி கும்பிடும் தங்கச்சிகளும் இங்கே இருக்கிறீர்கள். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ராட்டினமும் வளையல் கடையும் மோர்ப் பந்தலும் எல்லாருக்கும் பொது. எங்கள் குழுவில் இருக்கிற முஸ்லிம் அக்கா தேர் அன்றைக்கு எங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போவார். ரம்ஜான் நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுத் தூக்குப்பாத்திரத்துக்கும் வரும்.

இப்போது கூத்துக்கு வருகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கி உட்கார்ந்து கதை சொல்வார். ராத்திரி பத்து மணிக்குமேல் கூத்து, விடிய விடிய. வில் வளைத்து பாஞ்சாலியைக் கட்டுவதில் ஆரம்பித்து, துகில் உரிவது, கர்ணன் சாவது, பதினெட்டாம் போர் வரைக்கும் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கதை. அர்ச்சுனன் தபசு அன்றைக்கு வேஷக்காரர் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், விபூதி எல்லாம் போடுவார். பிள்ளை வரம் வேண்டி பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். கடைசி நாள் மண்ணால் பெரிய துரியோதனன் செய்து படுக்கவைத்து, படுகளம் நடக்கும். பாஞ்சாலி அவிழ்த்த கூந்தலை அன்றைக்குத்தான் முடிவாள். சாயங்காலம் தீமிதி.

சபையில் ஒரு பெண்ணின் சேலையைப் பிடித்து இழுத்தார்கள், பெரிய மனுஷங்க எல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், அவள் சபதம் எடுத்தாள், முடித்துக் காட்டினாள். இந்தக் கதையை ஊர் நடுவில் வைத்து வருஷா வருஷம் சொல்கிறார்கள். நாம் குழுக் கூட்டத்தில் "பெண் உரிமை" என்று பேசுவதை, நம்ம பாட்டிகள் பாய் விரித்து உட்கார்ந்து கூத்தில் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பொம்பளை வேஷமும் ஆம்பளைகள்தான் கட்டுவார்கள். நம்ம ஊருக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. 1990-ல் ஆரம்பித்தது. பெருங்கட்டூர் ராஜகோபால் வாத்தியார் அங்கே குருகுலம் வைத்துப் பெண் பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்றுக்கொடுத்தார். பெண்கள் கட்டை கட்டி, கிரீடம் வைத்து, ராஜாவாக வந்து நின்றார்கள். இதைப் பார்க்கச் செலவு என்ன? ஒரு பாய், ஒரு போர்வை, ஒரு தூக்கில் சோறு. தட்டு வந்தால் பத்து ரூபாய் போடுங்க. ஆடுகிறவருக்கும் வயிறு இருக்கிறது. இலவசம் என்றால் யாரோ உழைக்கிறார்கள் என்று அர்த்தம், அதை மறக்கக் கூடாது.

அடுத்தது, எப்படிப் போவது, எப்படிச் செலவு செய்வது. எங்கள் குழுவில் நாலு வருஷமாகச் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். புத்தகத்தில் படித்ததில்லை.

ஒன்று, திருவிழா உண்டியல். சந்தா, சேமிப்பு அதில் கை வைக்கவே கூடாது. அது தனி. வாரக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் பத்து ரூபாய் கூடுதலாகப் போடுகிறோம். ஆடி கழிந்து ஆரம்பித்தால் வைகாசிக்குள் நாற்பது வாரம் தாராளமாகக் கிடைக்கும். ஆளுக்கு 400 ரூபாய். கருட சேவைக்கு முந்தின கூட்டத்தில் உடைத்து, அவரவர் பணத்தை அவரவர் கையில் கொடுத்துவிடுவோம். தனிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்குவோம். 400 பெரிய தொகை இல்லை. ஆனால் திருவிழா அன்றைக்கு அது நம்ம காசு. யாருக்கும் வட்டி இல்லை. ஒரு வாரம் பத்து ரூபாய் முடியாதவர் ஐந்து போடலாம். யாரையும் கேள்வி கேட்பதில்லை. 2023 செப்டம்பரில் நம்ம காஞ்சிபுரத்தில்தான் மகளிர் உரிமைத் தொகையை ஆரம்பித்துவைத்தார்கள். அந்த 1,000 ரூபாய் வருகிறவர்கள் அதிலிருந்து பத்து பத்தாக ஒதுக்குவது கஷ்டமில்லை.

இரண்டு, பஸ். 2021 மே மாசத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. ஐந்து வயசு வரைக்கும் பிள்ளைக்கும் இல்லை. திருவிழா நாளில் பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிடுவார்கள் என்று பயந்து ஆட்டோ பிடிக்கிறோம். அதற்குப் பதிலாக அரை மணி முன்னால் கிளம்பி, இறக்கிவிட்ட இடத்திலிருந்து நாலு பேர் சேர்ந்து பேசிக்கொண்டே நடந்தால் 200 ரூபாய் மிச்சம். அந்த நடையே பாதித் திருவிழா.

மூன்று, சாப்பாடு. புளிசாதம், எலுமிச்சை சாதம், ஒரு டப்பாவில் தயிர் சாதம், ஊறுகாய். தயிர் சாதம் வெயிலில் புளித்துவிடும் என்கிறவர்கள் பால் ஊற்றிப் பிசைந்து, கொஞ்சமாகத் தயிர் விடுங்க. இன்னொன்று நம்ம கோயில் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு போட்டு மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வரதர் கோயிலில் வேகவைப்பார்களே, அதே பக்குவத்தில் வீட்டில் டம்ளரில் ஊற்றி எடுத்தால் மறுநாள் வரைக்கும் கெடாது.

அன்னதான வரிசையில் நிற்க நிறைய பேருக்குக் கூச்சம். "நாம போய் அங்க நிக்கிறதா, யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" நான் கேட்கிறேன், மோர்ப் பந்தலிலும் பானகத்திலும் ஏழை பணக்காரன் என்று எழுதி ஒட்டியிருக்கிறதா? ஊர் கொடுக்கிற சோறு அது. கூச்சமாக இருந்தால், போய்க் கொஞ்ச நேரம் பரிமாறிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்க. எங்கள் குழுவில் ஆறு பேர் அப்படித்தான் செய்கிறோம். இப்போது அங்கே எங்களைத் தேடுகிறார்கள். வாங்கின சோற்றை மட்டும் வீணாக்காதீங்க.

நான்கு, பிள்ளைகள். இதுதான் கஷ்டமான இடம். ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "வேண்டாம்" என்றால் பிள்ளை அழும், நமக்கு அடிக்கக் கை வரும், திருவிழாவே நாசம். பேச்சு வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கு: ஒரு பிள்ளைக்கு ஒரு ராட்டினம், ஒரு தின்பண்டம். பஞ்சுமிட்டாயா, டெல்லி அப்பளமா, அது அவர்கள் இஷ்டம். பொம்மை கிடையாது. விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அந்தக் காசை அதன் கையிலேயே கொடுத்துவிடுங்க. நம்ம கையில் இருக்கும்போது பத்துத் தடவை கேட்கிற பிள்ளை, தன் கைக்கு வந்ததும் அதை நம்மைவிட இறுக்கிப் பிடிக்கும். என் மகன் முதல் வருஷம் எல்லாக் கடையையும் மூணு சுற்று சுற்றி விலை கேட்டுவிட்டு, கடைசியில் இருபது ரூபாயைத் திருப்பி என்னிடமே கொடுத்தான். "அடுத்த வருஷம் பெரிய ராட்டினத்துக்கு வச்சுக்கோ" என்றான். வரவு செலவு அவனுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை, திருவிழா சொல்லிக்கொடுத்தது.

ஐந்து, சொந்தக்காரர்கள். நான் ஒரு வருஷம் துணிந்து போனில் சொன்னேன்: "அண்ணி, கட்டாயம் வாங்க. வரும்போது நீங்க ஒரு குண்டான் புளிசாதம் எடுத்துட்டு வாங்க. நான் பொரியலும் மோரும் வைக்கிறேன். எல்லாரும் ஒண்ணா வெளியிலயே சாப்பிட்டுக்கலாம்." கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அண்ணி என்ன சொன்னாங்க தெரியுமா? "அப்பாடி, ஒவ்வொரு வருஷமும் உனக்குச் செலவு வைக்கிறோமேன்னு எனக்கே சங்கடமா இருந்துச்சு." இத்தனை வருஷம் ரெண்டு பேரும் கவுரவத்துக்காகக் கஷ்டப்பட்டிருக்கிறோம். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில் முடிந்தது.

ஆறு, உடம்பும் பாதுகாப்பும். கத்திரி வெயில் காலம். காலையில் விடியும் முன் போங்க, இல்லை சாயங்காலம் போங்க. பகல் பன்னிரண்டிலிருந்து மூணு வரைக்கும் கூட்டத்தில் நிற்காதீங்க. இன்னொரு விஷயத்தை ஆம்பளைங்க மேடையில் பேச மாட்டார்கள், நான் பேசுகிறேன். கழிப்பறை இருக்காதோ என்று பயந்து நாம் பாதிப் பேர் தண்ணீரே குடிப்பதில்லை. மயங்கி விழுவதும், மறுநாள் நீர்க்கடுப்பில் துடிப்பதும் அதனால்தான். தண்ணீர் குடிங்க. போனதும் முதல் வேலையாகக் கழிப்பறை எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்க. 2019-ல் அத்திவரதர் 48 நாள் தரிசனம் கொடுத்தபோது நம்ம தெருக்காரர்கள் பல பேர் முகம் தெரியாத பெண்களுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை வந்த விழாவில் நாம் ஊருக்குச் செய்த பெரிய உபகாரம் அதுதான் என்று நான் சொல்வேன். நம்ம உறுப்பினர் வீடு வழியில் இருந்தால், மற்ற உறுப்பினர்களுக்காக அன்றைக்குக் கதவைத் திறந்து வையுங்க.

தங்கச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போங்க. தாலி மஞ்சளில்தான் இருக்கிறது, சவரனில் இல்லை. சின்னப் பிள்ளைகள் கையில் பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்க. காணாமல் போனால் எந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்க. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098, பெண்களுக்கு 181, போலீஸுக்கு 112. இந்த மூணு நம்பரையும் இப்பவே போனில் போட்டுக்கொள்ளுங்க.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. திருவிழா அன்றைக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? நாம்தான். மாமியாருக்கு வெந்நீர், வந்தவர்களுக்குக் காபி, மத்தியானத்துக்கு வடை. தேர் நம்ம தெருமுனையைத் தாண்டும்போது நம்ம கை மாவில் இருக்கும். என் அம்மா காஞ்சிபுரத்திலேயே பிறந்து, இங்கேயே வாக்கப்பட்டு, எழுபது வயசு வரைக்கும் வாழ்ந்தவள். விடியற்காலை கோபுர வாசல் தரிசனத்தை அவள் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. கேட்டால் "எனக்கு எதுக்குடி, நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்பாள். வீட்டிலிருந்து கோயிலுக்கு ஒரு மணி நேர நடை. அந்த ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. காசு குறைவைவிட இந்தக் குறைதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அதனால் எங்கள் குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். கருட சேவைக்கு விடியற்காலை நாங்கள் பெண்கள் மட்டும் போவோம். வீட்டை அன்றைக்கு ஆம்பளைங்க பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வருஷம் முணுமுணுத்தார்கள். இப்போது என் வீட்டுக்காரரே மூணு மணிக்கு எழுப்பி டீ போட்டுக் கொடுத்து அனுப்புகிறார்.

முதல் தடவை போன அந்த விடியலைச் சொல்லி முடிக்கிறேன். இருட்டு பிரியாத நேரம். பதினாலு பேர் கைகோத்துக்கொண்டு நிற்கிறோம். மேற்குக் கோபுர வாசலில் வரதர் கருடன் மேல் வருகிறார். ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது. திடீரென்று ரெண்டு குடையையும் சாய்த்து அவரை மறைத்துவிட்டார்கள். ஒரு நிமிஷம்தான். மறுபடியும் விலக்கினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு வயசான அம்மா சொன்னாங்க. தொட்டாச்சாரியார் என்று சோளிங்கரில் ஒரு பக்தர் இருந்தாராம். வருஷம் தவறாமல் கருட சேவைக்கு நடந்தே வருவாராம். வயசாகி ஒரு வருஷம் வர முடியவில்லை. அங்கேயே தக்கான் குளத்தில் நின்று அழுதாராம். அவருக்காகப் பெருமாள் இங்கே ஒரு கணம் மறைந்து, அங்கே போய்க் காட்சி கொடுத்தாராம். அதை நினைத்துத்தான் இன்றைக்கும் குடையால் மறைக்கிறார்கள்.

வர முடியாத ஒருவருக்காக ஊர்த் திருவிழாவே ஒரு நிமிஷம் நிற்கிறது. எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த வருஷமும், மாடிப்படியில் எட்டிப் பார்த்த என் மகளும் ஞாபகம் வந்தார்கள். மகள் அன்றைக்கு என் பக்கத்தில்தான் நின்றாள். பன்னிரண்டு வயசு. "அம்மா, இவ்வளவு கிட்ட தெரியுமா?" என்றாள். அன்றைக்கு எங்கள் ரெண்டு பேருக்கும் ஆன செலவு, ஒரு முழம் பூவும் ரெண்டு டீயும்.

ஆகவே உறுப்பினர்களே, ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் மூணு வரி எழுதுங்க. திருவிழாவுக்கு வெளியில் வட்டிக்கு வாங்க மாட்டோம். வாரம் பத்து ரூபாய் உண்டியலில் போடுவோம். வருஷத்தில் ஒரு விழாவுக்காவது எல்லோரும் சேர்ந்து போவோம். குழுவில் யாராவது ஒருத்தி அன்றைக்கு வரவில்லை என்றால், "ஏன் வரலை?" என்று திட்டாதீங்க. அவள் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுங்க. உள்ளே ஒரு பிள்ளை மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்.